ஒழுகிய வாசிப்பறையும் பதினோரு சனிக்கிழமையும்

என் மகள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். அக்டோபரில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தவள், ஊதிப்போன கதைப்புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காற்றாடிக்குக் கீழே தரையில் விரித்து வைத்தாள். "வாசிப்பறைக்குள்ள மழை பேஞ்சுதுப்பா. டீச்சர் ஆளுக்கு ஒண்ணு காயவைக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அவள் வகுப்பில் இருபத்து மூன்று பேர். அன்றிரவு இருபத்து மூன்று வீடுகளில் புத்தகங்கள் காற்றாடிக்கு அடியில் கிடந்திருக்கும். எங்கள் வீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் காலைக்குள் காய்ந்தன. அட்டை மட்டும் நிமிரவே இல்லை.

எங்கள் பள்ளி மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுப் பக்கம் இருக்கிறது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. முன்னால் இரண்டு மாடிக் கட்டடம், பின்னால் நீளவாக்கில் பழைய ஒற்றைத் தளக் கட்டடம். அதன் கோடியில் இருபதுக்கு முப்பத்திரண்டு அடியில் வாசிப்பறை. மேலே தகரக் கூரை. பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. அதனால் இது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது, பாடநூல் வருகிறது. கூரை ஒழுகினாலும் சுவர் உரிந்தாலும் பெரும்பாலும் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோரும்தான் வழி பார்க்க வேண்டும். சிறப்பு ஒதுக்கீடு சில ஆண்டுகளில் வரும், சில ஆண்டுகளில் வராது.

வாரியம் ஒரு குத்தகையாளரை அழைத்துக் காட்டியது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், கூரை முழுவதையும் மாற்ற 18,600 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதிக் கொடுத்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏறக்குறைய நூற்றைம்பது குடும்பங்களுக்கு உறை அனுப்பியது. நாற்பத்தொரு உறைகள் திரும்பி வந்தன. மொத்தம் 1,145 வெள்ளி. சங்கத்துக்குப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம், யாரையும் வற்புறுத்தக் கூடாது, வற்புறுத்தவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் சிலர், "நம்ம ஆளுங்க குடுக்கமாட்டாங்க" என்று சொன்னது என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள். பாதுகாவலர்கள், துப்புரவாளர்கள், லோரி ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். உறைக்குள் ஐந்து வெள்ளி வைத்துக் கொடுக்கக் கூச்சப்பட்டு வெறும் உறையையே வீட்டில் வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பர். பதினேழு ஆண்டு வேலையில் ஒன்று கற்றிருக்கிறேன்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றக் கூடாது. ஆகவே தலைமையாசிரியையிடம் போய், "கூரையை மாத்துறதுக்கு முன்னாடி, தண்ணி எந்த வழியா வருதுன்னு ஒரு சனிக்கிழமை பார்த்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் வாரியத் தலைவரோடு பேசினார். கட்டடத்தில் கைவைப்பதற்கு முன் வாரியத்துக்கும் பள்ளிக்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கினோம். இதைச் செய்ய நினைக்கும் மற்றப் பள்ளிப் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கடிதம் இல்லாமல் ஏணியைத் தொடாதீர்கள். யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியை.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஒழுகல் தேடுவதற்குத் தேவையானவை தோட்டக் குழாய், ஏணி, கைவிளக்கு, சாக்கட்டி, நிறையப் பொறுமை. மேலிருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினால் எல்லா ஓட்டைகளும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாமல் போகும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கூரை ஓரத்துப் பீலி (மழைநீர் வடியும் வாய்க்கால்) மட்டும், பிறகு கடைசி வரிசைத் தகரம், பிறகு அதற்கு மேல் வரிசை. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு நின்று முதல் சொட்டு தெரிந்ததும் குரல் கொடுப்பார், அந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டமிட்டு எண் போடுவார்.

பீலியில் தண்ணீர் விட்ட நான்காவது நிமிடத்திலேயே உள்ளேயிருந்து குரல் வந்தது. கூரைமேல் ஒரு சொட்டும் விழாதபோதே சுவர் நனைந்துவிட்டது. ஏணியில் ஏறிப் பார்த்தோம். பக்கத்து அங்சானா மரத்து இலைகள் பீலியின் ஒரே வாயை அடைத்துக் களிமண்போல் இறுகியிருந்தன. முகப்புப் பலகை உளுத்து, பீலியின் சுவர்ப்பக்க விளிம்பு வெளிப்பக்க விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தது. நிறைந்த தண்ணீர் வெளியே கொட்டுவதற்குப் பதிலாகச் சுவருக்குள் திரும்பியது. பீலியைப் பொருத்தும்போது வெளிப்பக்க விளிம்பு ஒரு விரல்கடையாவது தாழ்வாக இருக்க வேண்டும். அடைத்தாலும் தண்ணீர் முற்றத்தில்தான் கொட்டும்.

இரண்டாவது வழி கூரைமேல் இருந்தது. தகரத்தைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர்கள் வெயிலில் காய்ந்து பிஸ்கட்போல் நொறுங்கின. தண்ணீர் அந்தத் துளையில் இறங்கி, குறுக்குச் சட்டத்தின் வழியே நாலைந்து அடி நகர்ந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டியது. கறை தெரிந்த இடத்துக்கு நேர்மேலே இருந்த தகரத்தில் ஒரு குறையும் இல்லை. முப்பத்தெட்டுத் தகரங்களில் துருப்பிடித்து ஓட்டையானவை ஆறு. ஆறு தகரம், ஸ்க்ரூக்கள், ஒரு புதிய பீலி. பதினெட்டாயிரம் வெள்ளி வேலை அன்று மதியமே இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது.

நான் எடுத்த ஒழுகல் வரைபடத்தைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். நன்கொடை என்ற சொல்லையே எழுதவில்லை. "அடுத்த சனிக்கிழமை தேவை: தகரக் கூரை வேலை தெரிந்தவர் இருவர். வெல்டிங் தெரிந்தவர் ஒருவர். கீழே நின்று பொருள் எடுத்துக் கொடுக்க ஐவர். பத்துப் பேருக்குச் சமைக்க ஒருவர்" என்று எழுதினேன். பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். உறை திருப்பித் தராத வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். வாழ்நாளெல்லாம் கூரை போட்டே பிழைத்த ஓர் அண்ணன் அந்தக் குழுவில் மூன்று ஆண்டாக இருந்திருக்கிறார். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதே இல்லை. சுங்கை பட்டாணியில் வேலை செய்யும் ஒரு தந்தைக்குக் கெடா மாநிலத்து வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு என்றால் வர முடியாது என்றார். அதனால் எல்லா வேலையையும் சனிக்கிழமைக்கே வைத்துக்கொண்டோம்.

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. தாய்மார்கள் எட்டுப் பேர் முறுக்குக்கு முன்பதிவு எடுத்தார்கள். கச்சான் பூத்தே, அச்சுமுறுக்கு என்று இழுக்காமல் ஒரே பலகாரம், ஒரே அளவு டப்பா, பணம் முன்கூட்டியே. அப்படி வைத்ததால் மாவும் எண்ணெயும் வாங்கக் கைக்காசு போடத் தேவைப்படவில்லை. செலவு போக 1,760 வெள்ளி நின்றது. கணக்கைப் பார்த்துக்கொண்டவர் வங்கியில் வேலை செய்த ஓர் அக்கா. ஒவ்வொரு ரசீதையும் படமெடுத்துக் குழுவில் போட்டார், வாரம் ஒரு முறை வரவு செலவை அட்டையில் எழுதிப் பள்ளி வாசலில் மாட்டினார். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாக மட்டுமே போனது, இரண்டு கையெழுத்தோடு. என் பெயருக்கோ கூரை அண்ணன் பெயருக்கோ ஒரு காசு வரவில்லை. அந்த அட்டையைப் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாத்தா பாட்டிகள்கூட நின்று படித்தார்கள்.

மழை குறைந்த டிசம்பர் கடைசியில் கூரை ஏறினோம். கூரைமேல் இருவர் மட்டும், இருவரும் தொழில் தெரிந்தவர்கள், இடுப்பில் கயிறு. தகரத்தின் மேல் நேராக நடக்காமல் சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன்மேல் நடந்தார்கள். சாரம் வாடகை 350 வெள்ளி. சிலர் அதை வீண் செலவு என்றார்கள். கூரை அண்ணன், "ஏணியில நின்னு ட்ரில் பிடிச்ச ஆளு ஒருத்தரை நான் ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். சாரம் இல்லைன்னா நான் ஏறமாட்டேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி அதே துளையில் அடுத்த பருமன் ஸ்க்ரூ போட்டோம். தானே துளையிட்டு இறங்கும் வகை, நல்ல ரப்பர் வாஷரோடு. நெளி தகரத்தில் ஸ்க்ரூ மேட்டின் மேல்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்ட கதை. வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். இன்னும் பலமாக முறுக்கினால் ரப்பர் கிழியும், தளர்வாக விட்டால் நீர் புகும். தகரத்தோடு தகரம் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஒன்றரை நெளிவு, மேலும் கீழும் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இடையில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா). முன்பு யாரோ சிலிக்கோன் பூசியிருந்தார்கள். வெயிலில் தகரம் விரிந்து சுருங்குவதில் அது உரிந்து நாடாவாகத் தொங்கியது. பீலிக்கு இரண்டு முனையிலும் வாய் வைத்தோம், நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. சாரம் நீங்கலாகக் கூரை வேலைக்கு மொத்தம் 2,340 வெள்ளி.

பக்கத்து நடைவழியின் கூரைத் தகடு மட்டும் சாம்பல் நிறமாக, சிமெண்டு போல் இருந்தது. அதன் ஓரமும் உடைந்திருந்தது, பலர் அதையும் சேர்த்துக் கழற்றிவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. பழைய கட்டடங்களின் அத்தகைய தகட்டில் அஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். துளையிட்டாலோ உடைத்தாலோ வரும் தூள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்து நோயாக வரும். நடைவழியைக் கயிறு கட்டி மறித்தோம், வாரியம் மாநிலக் கல்வி இலாகாவுக்குத் தனியாக எழுதியது. ஆர்வத்தோடு செய்யும் வேலையில் தொடக் கூடாதது எது என்று முதலிலேயே முடிவு செய்வது முக்கியம்.

தைப்பூசத்துக்கு முன் சுவர் வேலை. வாசிப்பறையின் பெரிய சுவரில் 2016இல் மாட்டிய பதாகை ஒன்று தொங்கியது. 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது. அதிலிருந்து இந்நாட்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டு என்று கொண்டாடியபோது அச்சிட்ட பதாகை. அதைக் கழற்றியதும் பின்னால் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. ஒழுகல் தொடங்கிப் பல ஆண்டாகியிருக்கிறது, பதாகை மறைத்திருக்கிறது. தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பதாகையைத் துடைத்துச் சுருட்டித் தன் அறைக்கு எடுத்துப்போனார்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த சுவரை உப்புத்தாளால் தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினோம். பிள்ளைகளை அந்தக் கட்டடப் பக்கமே விடவில்லை. பூஞ்சைக்கு ஒரு பங்கு கிளோரோக்ஸ் (வெளுப்பான்), பத்துப் பங்கு தண்ணீர், ஜன்னல் முழுவதும் திறந்து. கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தோம். கழிவறை கழுவும் அமிலத்தை அதோடு கலக்கக் கூடாது, நச்சுப்புகை வரும். இதை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாளியிலேயே ஒட்டினேன்.

சுவர் காய்ந்ததா என்று கையால் தொட்டுத் தெரியாது. ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். உட்பக்கம் நீர்த்துளி படிந்தால் சுவர் இன்னும் ஈரம். எங்கள் சுவர் மூன்று வாரம் அப்படித்தான் காட்டியது. மூன்று சனிக்கிழமை வந்தவர்களைச் சாயம் பூசாமல் திருப்பி அனுப்ப மனம் வரவில்லைதான். ஆனால் ஈரச் சுவரில் பூசிய சாயம் அடுத்த மழைக்கு அப்பளம்போல் எழும்பும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அந்த மூன்று வாரத்தைப் புத்தகங்களுக்குக் கொடுத்தோம்.

புத்தகம் மொத்தம் ஆயிரத்து நானூறுக்கு மேல். நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்து இழுத்தால் எழுத்தும் சேர்ந்து கிழிந்து வரும். நிழலில் நிமிர்த்தி வைத்து, காற்றாடி போட்டு, இருபது பக்கத்துக்கு ஒரு தாள் வெள்ளைக் காகிதம் செருகி, நனைந்ததும் மாற்றினோம். செய்தித்தாளின் மை ஏறும், அதனால் அதைத் தொடவில்லை. காய்ந்த பிறகு வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் துடைத்தோம். தேறாதவை இருநூற்றுப் பத்து. அவற்றில் தமிழ்ச் சிறுவர் கதைகளே அதிகம். கீழ்த்தட்டில், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில், சுவரோரமாக இருந்தவை அவை. பழைய தாள் வாங்குபவரிடம் பெற்றோர் வீட்டுப் பழைய காகிதங்களைச் சேர்த்துப் போட்டதில் 288 வெள்ளி வந்தது. அழிந்த கதைப்புத்தகங்களை மட்டும் அந்த லோரியில் ஏற்ற யாருக்கும் கை வரவில்லை. அவற்றின் நல்ல படங்களை வெட்டி எடுத்துப் பாலர் வகுப்பு ஆசிரியை சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அந்த வாரங்களில்தான் ஒரு பெரியவர் வரத் தொடங்கினார். பேரனை ஏற்ற வருபவர், எண்பதை நெருங்கும் வயது. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி வந்த ஓரறைப் பள்ளியில் ஆறு வகுப்பும் ஒரே கூரைக்கடியில் படித்தவர் அவர். பக்கங்களுக்கு இடையே தாள் செருகிக்கொண்டே சொன்னார்: "சிங்கப்பூருல தமிழ் முரசு நடத்துன சாரங்கபாணி, பல்கலைக்கழகத்துல தமிழுக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்'னு நிதி திரட்டுனாரு. எங்கப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு வெள்ளி குடுத்தாரு. அன்னைக்கு ஒரு வெள்ளின்னா வீட்டுல மீன் இல்லை." மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அந்தத் துறையில் படித்த யாரும் அவர் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வெள்ளியைப் பற்றிச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த கட்டத்துக்கான யோசனை அங்கே பிறந்தது. அலமாரி செய்யப் பணம் வேண்டும். "நன்கொடை தாருங்கள்" என்று மறுபடியும் கேட்கப் போவதில்லை. ஒரு பலகைக்கு இவ்வளவு என்று சொல்லி, ஒரு குடும்பம் ஒரு பலகை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அறுபது பலகை. ஒன்று 40 வெள்ளி. செலவு 31 வெள்ளி, மீதி 9 வெள்ளி கூரைக்கும் சுவருக்கும் போகும் என்பதையும் அட்டையில் எழுதினோம். ஒரு குடும்பத்தால் முடியாவிட்டால் நான்கு குடும்பம் சேர்ந்து பத்துப் பத்தாகப் போடலாம். ஒன்பது நாளில் அறுபதும் முடிந்தது. பெரியவர் தன் அப்பா பெயரில் ஒன்று எடுத்தார். பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத ரொட்டி சானாய் கடைக்காரர் இரண்டு எடுத்தார். பெயர்களைப் பலகையின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கணக்கு அக்கா சொன்னார். அது சரியென்று எனக்கும் பட்டது.

அலமாரி வைப்பதற்கு முன் கரையான். பழைய அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி, தரையோடு பதித்து வைத்திருந்தார்கள். பின்னால் மண்ணால் ஆன குழாய்கள் பென்சில் தடிமனில் ஏறியிருந்தன. இது நம் கையால் ஆகாது. உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்தோம். தரை ஓரத்தில் அடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்தினார்கள், 900 வெள்ளி. பேரம் பேசவில்லை.

அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், நாலுக்கு எட்டு அடித் தாள். அழுத்திய மரத்தூள் பலகை பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊதும், ஸ்க்ரூ பிடியை விடும், இந்த ஊர் ஈரக் காற்றுக்கு ஆகாது. வீட்டு எடைக்கருவியில் சிறுவர் புத்தகங்களை நிறுத்துப் பார்த்தேன். எண்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு 19 கிலோ. வெறும் பிளைவுட் அந்த நீளத்தில் சில ஆண்டில் நடுவில் தொய்யும். அதனால் ஒவ்வொரு பலகையின் முன்விளிம்பிலும் ஒன்றுக்கு இரண்டு அங்குல மெராந்தி மரச் சட்டத்தைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தினோம். தொய்வு நின்றது, பிளைவுட்டின் கூர்விளிம்பும் மறைந்தது.

வெட்டுக் கணக்கில் நான் தவறு செய்தேன். தாளின் அகலம் 122 சென்டிமீட்டர், நான்காக வகுத்தால் 30.5 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் தின்னும், மூன்று வெட்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர். முதல் தாளில் நான்காவது கீற்று 29.6ஆக வந்தது. ஜெலுத்தோங்கில் மரக்கடை வைத்திருக்கும் சீனத் தவ்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் எழுதிக் கொடுத்த கணக்கைப் படித்தார். மீதித் தாள்களை 30ஆகவே வெட்டுவோம் என்றார், முதல் தாளையும் மறுபடி 30க்குச் சீவிக் கொடுத்தார். குறைந்த கீற்று அடிப்பலகையானது. ஒரு தாளில் முப்பதுக்கு எண்பது பலகை பன்னிரண்டு கிடைக்கும். பன்னிரண்டு அலமாரிக்குப் பலகை அறுபது, அதற்கு ஐந்து தாள். பக்கச் சட்டத்துக்கு மூன்று தாள். தவறுக்கென்று ஒன்று. தாள் 115 வெள்ளி, வெட்டுக்கூலி அவர் வாங்கவில்லை. தன் பிள்ளைகள் படித்த சீனப் பள்ளியில் நாற்காலி மேசையெல்லாம் பெற்றோர்தான் போட்டோம் என்று மட்டும் சொன்னார்.

உயரம் 120 சென்டிமீட்டர், அதற்கு மேல் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை நின்றபடியே மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க முடிய வேண்டும். பின்பலகை வைக்கவில்லை, காற்றுப் போகட்டும் என்று. அலமாரி சாயாமல் இருக்கப் பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம். தரையிலிருந்து நான்கு அங்குலக் கால், சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி. கரையான் மறுபடி ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வோர் அலமாரியையும் எல் வடிவத் தகட்டால் சுவரோடு பிணைத்தோம். பிள்ளைகள் அலமாரியை ஏணியாக நினைத்து ஏறுவார்கள். ஏறாதே என்று சொல்வதைவிடச் சாயாமல் கட்டுவது நல்லது. தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தல் பிரித்த வாரம், பந்தல் போட்ட இளைஞர்கள் நால்வர் நேராக இங்கே வந்து உப்புத்தாள் பிடித்தார்கள். முன்னாள் மாணவர்கள். உறையும் புலனக் குழுவும் அவர்களை எட்டியதில்லை. யாரோ பந்தலில் சொல்லியிருக்கிறார்கள். வார்னிஷ் இரண்டு பூச்சு, இடையில் ஒரு நாள். விரலால் தடவிப் பார்த்துச் சிராய் இருந்த இடமெல்லாம் அவர்கள் மறுபடி தேய்த்தார்கள்.

மின்வேலையை உரிமம் பெற்ற ஒரு தந்தை கூலி வாங்காமல் செய்தார். எட்டுப் பழைய குழல் விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி., உளுத்துப்போன கம்பிகள் மாற்றம், புதிய ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி). பொருளுக்கு மட்டும் 780 வெள்ளி. சாயம் 640.

கூரை வேலை முடிந்த வாரத்திலிருந்தே சங்கக் கணக்கில் யாரும் கேட்காத பணம் வரத் தொடங்கியிருந்தது. இருபது, ஐம்பது, ஒருமுறை மூன்று வெள்ளி. கணக்கு அக்கா ஒவ்வொன்றையும் எழுதினார். மொத்தம் 1,690. சனிக்கிழமை வந்து சாந்து கலந்தவர்கள், சோறு கட்டிக் கொடுத்தவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள் அனுப்பியது. முதலில் கூட்டத்தில் "நம்ம ஆளுங்க குடுக்கமாட்டாங்க" என்றவர்களில் ஒருவரும் ஒரு சனிக்கிழமை வந்து ஆறு மணி நேரம் சுவர் சுரண்டினார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேநீர் மட்டும் சேர்ந்து குடித்தோம். மூன்று ஆண்டாக அதே குழுவில் அவரவர் கைத்திறனோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் நாங்கள் பணத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

வரவு 7,283 வெள்ளி. செலவு 6,870. மீதி 413. கடைசி அட்டை இன்னும் வாசலில் இருக்கிறது.

மார்ச்சில் ஒரு மாலை கொட்டித் தீர்த்தது. நான் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். காவலாளி அண்ணனும் வந்திருந்தார். விளக்கைப் போட்டு, சாக்கட்டியால் போட்ட பழைய எண்களின் அடியில் ஒவ்வொன்றாக நின்று பார்த்தோம். ஒன்று முதல் பதினொன்று வரை காய்ந்திருந்தது. பன்னிரண்டாவதில் லேசான ஈரம். தகரமும் முகப்புப் பலகையும் சேரும் மூலையில் டேப் ஓர் அங்குலம் எழும்பியிருந்தது. மறுநாள் ஒட்டினோம்.

மீதிப் பணத்தில் இலை வடிக்கும் வலை வாங்கிப் பீலியின் இரண்டு வாயிலும் போட்டாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பீலி சுத்தம் செய்ய முறை வைத்திருக்கிறோம், ஒரு முறைக்கு இருவர், ஒருவர் ஏற ஒருவர் ஏணி பிடிக்க. ஜூன் மாத முறை எனக்கும் சுங்கை பட்டாணித் தந்தைக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு.